நாற்பது மீட்டரில் ஓர் இருவாச்சி

நான் எடுத்த பறவைப் படங்களிலேயே அதிகம் பாராட்டு வாங்கியது ஓர் ஆண் இருவாச்சியின் படம். கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை லேசாகச் சாய்த்து, நேரே கேமராவைப் பார்க்கிறது. சிவந்த விழி. அலகுக்கு மேலே இருக்கும் மஞ்சள் கொம்பின் முன்விளிம்பில் மை தொட்டு வைத்ததுபோலக் கறுப்பு. தொண்டை புடைத்திருக்கிறது, உள்ளே அத்தனையும் அத்திப்பழம். பின்னால் காடு முழுக்கப் பச்சை மெழுகாகக் குழைந்து கிடக்கிறது. ஸ்பாட்டிங் ஸ்கோப்பில், அதாவது ட்ரைபாடில் ஊன்றிப் பார்க்கும் ஒற்றைக்கண் தொலைநோக்கியில், மொபைலை மாட்டி எடுத்தது என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிற மீதிப் பேர் ஸ்கோப் என்ன மாடல், அடாப்டர் என்ன மாடல் என்று கேட்பார்கள். இரண்டு வருடமாக அந்தப் படத்தை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. கேட்பவர்களிடம் ஆளுக்கொரு காரணம் சொல்லி வந்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போச்சு, பழைய மொபைலோடு போச்சு, தேடிப் பார்க்கிறேன். எதுவும் உண்மையில்லை. படம் பத்திரமாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னவோ போல் இருக்கிறது.

காரணத்தைச் சொல்வதற்கு முன்னால், மழைக்காட்டில் ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு ஏன் போகிறோம் என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஸ்கோப் இந்தக் காட்டுக்கு ஆகாத கருவி என்பது பலருடைய கட்சி. அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. கடற்கரை, சதுப்பு நிலம், ஏரி என்றால் சரி, பறவை வெட்டவெளியில் நிற்கும், மேலே வானம் முழுக்க வெளிச்சம். மழைக்காட்டில் இருபதடிக்கு அப்பால் இலைதான். உச்சி விதானத்தில் விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேர்கிறது. பறவையோ தலைக்கு மேலே, வெள்ளை வானத்துக்கு எதிரே, கறுப்பு நிழலாக. பைனாக்குலரைத் தூக்குவதற்குள் அது அடுத்த மரத்துக்குப் போய்விடும். மூன்று கால் ட்ரைபாடைச் சருகில் அழுத்தி ஊன்றி, குறி பார்த்து, ஃபோகஸ் திருப்பி, அப்புறம் மொபைலை மாட்டி... அதற்குள் பூச்சி பிடிக்கும் சிட்டுகளின் கூட்டம் ஒன்று முழுசாகக் கடந்து போயிருக்கும்.

ஆனால் மழைக்காட்டில் சும்மா இருக்கிற பறவைகளும் உண்டு. அதை ஸ்கோப் வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். தீக்காக்கை என்று தமிழில் எழுதுகிறார்களே, ட்ரோகன், அது ஒரு கிளையில் உட்கார்ந்தால் நிமிடக்கணக்கில் அசையாது. தலையை மட்டும் மெல்லத் திருப்பும். வயிற்றின் சிவப்பை மறைத்து முதுகைக் காட்டி உட்கார்ந்து நம் பொறுமையைச் சோதிக்கும், அது வேறு கதை. தவளைவாயன் பகல் முழுக்கக் காய்ந்த இலைபோல ஒட்டிக் கிடக்கும், பெரும்பாலும் ஜோடியாக. அதன் இடம் தெரிந்துவிட்டால் படமெடுப்பவனின் திறமைக்கு அங்கே வேலையே இல்லை. பழுத்த அத்திமரம் ஒன்று கிடைத்துவிட்டால், பறவைகளைத் தேடிப் போகாமல், தூரத்தில் ஓர் இடைவெளி பார்த்து ஸ்கோப்பை வைத்துவிட்டு நாளெல்லாம் உட்கார்ந்திருக்கலாம். அப்புறம் இருவாச்சியின் கூடு.

கண்ணாடிக்கும் பறவைக்கும் நடுவே

ஸ்கோப்பின் வழியாகப் படமெடுப்பது ஒருவர் தற்செயலாகக் கண்டுபிடித்த விஷயம். 1999-இல் மலேசிய இயற்கைக் கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் போ என்ற பறவை ஆர்வலர், அப்போது புதிதாக வந்திருந்த சின்ன டிஜிட்டல் கேமராவை ஸ்கோப்பின் கண்பக்க லென்ஸில், அதாவது ஐபீஸில், வைத்துப் பார்த்தார். படம் எதிர்பாராத அளவுக்கு நன்றாக வந்தது. அதே வருடம் அலென் ஃபோசே என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு டிஜிஸ்கோப்பிங் என்று பெயர் வைத்தார். அந்த நாட்களில் எல்லாரும் தேடி வாங்கிய நிக்கான் கூல்பிக்ஸ் 950 இரண்டு மெகாபிக்சல்தான். ஆனால் அதன் லென்ஸ் சிறியது, ஜூம் செய்தால் வெளியே நீளாது, ஐபீஸோடு ஒட்டி உட்காரும். இன்றைக்கு மொபைலின் லென்ஸும் அப்படித்தான். இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அன்றைக்கு இதைச் செய்தவர்கள் முதலில் பார்க்க உட்கார்ந்தவர்கள். ஸ்கோப் ஏற்கெனவே ஊன்றியிருந்தது, பறவை ஏற்கெனவே உள்ளே இருந்தது, கேமரா கடைசியில் வந்தது. என் விஷயத்தில் வரிசை தலைகீழ். கிளம்பும்போதே மொபைல் அடாப்டரில் ஏறிவிடுகிறது. நான் ஐபீஸில் கண்ணை வைத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், திரையை விரலால் தேய்த்த நேரத்தில் பாதிகூடத் தேறாது.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. என்னுடையது 80 மில்லிமீட்டர் ஸ்கோப், 25 மடங்கிலிருந்து 60 மடங்கு வரை ஜூம். 80-ஐ 25-ஆல் வகுத்தால் 3.2. ஐபீஸிலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றை அத்தனை மில்லிமீட்டர் அகலம். மொபைலின் முக்கிய லென்ஸுடைய திறப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆகவே இரண்டும் பொருந்திப் போகும். 60 மடங்குக்குத் திருப்பினால் கற்றை 1.3 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். வெளிச்சம் ஆறில் ஒரு பங்கு. ஏற்கெனவே இருட்டான காட்டில் ஆறில் ஒரு பங்கு என்றால் ஷட்டர் மெதுவாகும், ஐஎஸ்ஓ ஏறும், மொபைல் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டத் தொடங்கும். மங்கலாக வந்த இறகை அது தானாகவே வரைந்து நிரப்பும். கிட்டப் பார்த்தால் இறகு இறகாக இருக்காது, ஈரத்தாளில் தூரிகை இழுத்த மாதிரி இருக்கும். கழுத்தில் இல்லாத கோடெல்லாம் முளைக்கும். எனக்கு மங்கலாவது தேவலை, மொபைல் கற்பனை செய்த இறகு வேண்டாம் என்று, மொபைல் கைவைக்காத ரா கோப்பாகத்தான் எடுக்கிறேன்.

இதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பறவைக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் இருக்கும் காற்றும் ஒரு லென்ஸ்தான், அதுவும் மட்டமான லென்ஸ். காலையில் பனி, பத்து மணிக்கு மேல் சூடேறிய விதானத்திலிருந்து எழும்பும் அலை. எத்தனை விலையுயர்ந்த கண்ணாடியாக இருந்தாலும் நூறு மீட்டர் ஈரக்காற்றைத் துடைத்துத் தராது. ஆகவே ஸ்கோப் வைத்திருப்பவனுக்கும் ஒரு கட்டத்தில் அதே எண்ணம் வந்துவிடுகிறது: இன்னும் கொஞ்சம் கிட்டப் போனால் என்ன? தூர நின்று பார்க்க வாங்கிய கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு பறவையை நோக்கி நடப்பதில் இருக்கிற கேலிக்கூத்து அந்த நேரத்தில் உறைப்பதில்லை.

அன்றைக்கு

இருவாச்சிக் கூட்டைப் பற்றித் தெரியாதவர்கள் இதைப் படிக்க வந்திருக்க மாட்டீர்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை எச்சத்தாலும் பழச்சக்கையாலும் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். உள்ளே இருக்கும்போது பறக்கும் இறகுகளையும் உதிர்த்துவிடும். பிறகு வெளியிலிருந்து வரும் தீனிதான் உயிர், அதைக் கொண்டுவர இருப்பது ஆண் ஒன்றுதான். இதெல்லாம் எனக்கும் அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் போனேன்.

என்னைக் கூட்டிப்போனவர் அறுபதைத் தாண்டியவர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. காட்டுக்குள் போகும் முன்பே சொல்லிவிட்டார், ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடலாம் என்று. நின்றோம். கூட்டு மரம் ஓடைக்கு அப்பால், நூற்றிருபது மீட்டர் இருக்கும். இரண்டு மரங்களுக்கு நடுவே ஜன்னல் மாதிரி ஓர் இடைவெளி. 25 மடங்கில் பொந்து திரையில் ஒரு பொட்டு. 60-க்குத் திருப்பினால் இருட்டு, போதாததற்குக் காற்றில் ஒரு நெளிவு. குறுக்கே ஓர் இலை வேறு. இரண்டு சோதனைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். சகிக்கவில்லை. “ஓடையைத் தாண்டிட்டா நல்லா இருக்கும், ஐயா. சத்தமே போட மாட்டேன்” என்றேன். அவர் பதில் சொல்லாமல் என் ட்ரைபாடைப் பார்த்தார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குச் சாதகமாக இருந்தால் எந்த மௌனத்தையும் சம்மதமாக்கிக்கொள்ளும் சாமர்த்தியம் எனக்கு உண்டு.

ஓடையைத் தாண்டிக் கூட்டு மரத்திலிருந்து நாற்பது மீட்டரில், ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால் ஸ்கோப்பை ஊன்றினேன். என்ன வித்தியாசம்! பொந்தின் வாசலில் பூசிய பூச்சில் விதைகள் ஒட்டியிருப்பதுகூடத் தெரிந்தது. கீறலுக்குள் மஞ்சளாக ஏதோ அசைந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. இருவாச்சி பறக்கும் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது. ஈரத்துணியை உதறி உதறி யாரோ மேலே நடந்து போவதுபோல இருக்கும். ஆண் வந்து கூட்டு மரத்துக்குப் பக்கத்து மரத்தில் உட்கார்ந்தது, எங்களுக்கு நேர் எதிரே.

என் அதிர்ஷ்டத்தை என்னால் நம்பவே முடியவில்லை. ஒரு மீட்டர் நீளப் பறவை, மறைப்பில்லாத கிளை, பக்கவாட்டு வெளிச்சம். 25 மடங்கில் திரையில் பாதியை அடைத்தபடி உட்கார்ந்திருந்தது. ஃபோகஸைப் பூட்டினேன், வெளிச்சத்தை ஒரு படி ஏற்றினேன், ஷட்டருக்கு இரண்டு நொடி டைமர் வைத்தேன். முப்பது படம், ஐம்பது படம், அப்புறம் வீடியோ. பறவை அசையவில்லை. தலையைச் சாய்த்தது. தொண்டையை ஒருமுறை விழுங்குவதுபோல் அசைத்துத் திரும்ப அடக்கிக்கொண்டது. அலகு நுனிக்கு ஒரு பழம் வந்தது, பளபளவென்று, கருஞ்சிவப்பாக. அதை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. நல்ல அசைவு என்று அதையும் எடுத்தேன். பறவையே எனக்காகப் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறது என்று மனசுக்குள் ஒரு நன்றிகூட வந்தது. “எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கு பாருங்க, ஐயா” என்று அவர் காதில் கிசுகிசுத்தேன்.

அவர் சொன்னார்: “அது உட்கார்ந்திருக்கல தம்பி. காத்துக்கிட்டு இருக்கு.”

மணியைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. எனக்கு ஐந்து நிமிடம்போல இருந்தது. ஐபீஸில் கண்ணை வைத்தேன். அதுவரை மொபைல் திரையில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதைக் கழற்றிவிட்டு அன்றைக்கு முதல்முறையாக என் சொந்தக் கண்ணால் பார்த்தேன். அதே பறவைதான், அதே சாய்ந்த தலைதான். ஆனால் இப்போது வேறு மாதிரி தெரிந்தது. அது கூட்டைப் பார்க்கவே இல்லை. நாற்பது நிமிடத்தில் ஒருமுறையாவது பார்த்திருக்கும், நான் கவனிக்கவில்லை. இப்போது பார்த்துக்கொண்டிருந்தது எங்களைத்தான். பழத்தைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு, கூட்டுக்குப் போனால் நமக்கு இடம் தெரிந்துவிடும் என்று, போகாமல் நின்றிருந்தது. நமக்குத்தான் இடம் ஏற்கெனவே தெரியுமே என்பது அதற்கு எப்படித் தெரியும்? கீறலில் அந்த மஞ்சள், பெண்ணின் அலகு நுனி, வெளியே வந்து வந்து போனது.

ட்ரைபாடை மடக்கும்போது அதன் கால் மரத்தில் இடித்துச் சத்தம் வந்தது. ஆண் பறந்துவிட்டது. அந்த நிமிடத்தை இப்போது எழுதும்போதும் வயிற்றில் என்னவோ செய்கிறது. ஓடையைத் தாண்டிப் பழைய இடத்துக்கே வந்து, பேசாமல் உட்கார்ந்தோம். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை, வெற்றிலை டப்பாவைத் திறந்து மூடினார். கால் மணி நேரம் போனது. மறுபடி அந்த உதறல் சத்தம். இந்த முறை எங்கேயும் உட்காரவில்லை. நேராகக் கூட்டு மரத்துக்கு வந்து, வாசலுக்குக் கீழே மரப்பட்டையைப் பற்றி வாலை ஊன்றிக்கொண்டு, ஒரு பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்து கீறலுக்குள் நீட்டியது. உள்ளிருந்து வந்த நுனி அதை வாங்கிக்கொண்டது. அடுத்தது. அதற்கடுத்தது. இருபத்துமூன்று வரை எண்ணினேன். நடுவில் ஒன்று தவறிக் கீழே விழுந்தது, இரண்டுமே அதைக் கண்டுகொள்ளவில்லை. மொபைலை மாட்டி 60 மடங்கில் ஒரே ஒரு படம் எடுத்தேன். மங்கல். குறுக்கே அந்த இலை. பறவையின் முதுகுதான் தெரிகிறது, கூடு இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புத் தழும்பு.

படத்தில் இல்லாதது

இதைச் சில நண்பர்களிடம் சொன்னபோது வந்த பதில்களை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒருவர் சொன்னார், நாற்பது நிமிடத்தில் ஒன்றும் ஆகிவிடாது, மழை பெய்தால் அதைவிடத் தாமதமாகும் என்று. இருக்கலாம். அந்தக் கூட்டுக்கு அன்றைக்கு என் கண்முன்னால் எந்தக் கேடும் நடக்கவில்லை. ஆனால் மழைக்கு யாரும் அடாப்டர் வாங்கித் தரவில்லை. தவிர, அந்த ஒரு மரத்துக்கு நான் ஒருவன் மட்டுமா போகிறேன்? எனக்கு அடுத்த நாள் இன்னொருவர் தன் நாற்பது நிமிடத்தோடு வருவார், அவருக்கும் யாரோ ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருப்பார்கள். இன்னொருவர் எதிர்ப்பக்கம் போனார்: கூட்டுப் பறவையைப் படமெடுக்கவே கூடாது, எவ்வளவு தூரமானாலும் சரி, கூட்டுப் படத்தை வாங்கவே மாட்டோம் என்று சொல்கிற பறவைக் குழுக்கள் உண்டு. அந்த விதி ஏன் வந்தது என்று எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது. ஆனாலும் நான் முழுசாக அந்தப் பக்கம் போகவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்த இருபத்துமூன்று பழங்களை நான் பார்த்திருக்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த ஆணுக்கு அந்த நேரத்தில் நாங்கள் இல்லாத ஆட்கள். ஸ்கோப்பால் அப்படி ஒரு இல்லாமையைத் தர முடியும், 600 மில்லிமீட்டர் லென்ஸை மார்பில் தூக்கிக்கொண்டு கிளை கிளையாக நகர்கிறவருக்கு அது கிடைப்பது கஷ்டம். எனக்கு அது கையிலேயே இருந்தது. நான்தான் ஓடையைத் தாண்டினேன்.

உறுத்துவது தவறு செய்தேன் என்பது மட்டும் இல்லை. தவறு படத்தில் தெரியவில்லை என்பதுதான். சொல்லப்போனால், தவறுதான் படத்தை நல்ல படமாக்கியது. பறவை நேரே பார்க்கிறது, ஏனென்றால் எங்களைக் கண்காணிக்கிறது. அசையாமல் இருக்கிறது, அதனால் ஷட்டர் மெதுவாக இருந்தும் இறகு இறகாக வந்திருக்கிறது. தொண்டை புடைத்திருக்கிறது, கொடுக்க வேண்டியதைக் கொடுக்க முடியாததால். பார்ப்பவர்கள் “என்ன ஒரு கம்பீரம்” என்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே அந்த மஞ்சள் நுனி வெளியே வந்து போவது ஞாபகம் வருகிறது. இப்போதெல்லாம் மற்றவர்கள் எடுத்த படங்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். இது ஒரு நோய் மாதிரி ஆகிவிட்டது. அலகில் புழுவை வைத்துக்கொண்டு வெறும் கிளையில் உட்கார்ந்து கேமராவைப் பார்க்கும் பறவைப் படம் எத்தனை இருக்கிறது! எண்ணிப் பாருங்கள். அதை ஏன் விழுங்கவில்லை, ஏன் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை, எதற்காக அங்கே நிற்கிறது? எல்லாப் படத்துக்கும் இதே பதில் என்று சொல்லமாட்டேன். பறவை கூட்டுக்குப் போகும் முன் ஓரிரு நொடி நின்று சுற்றிப் பார்ப்பது இயல்புதான். ஆனால் முப்பது கோணத்தில் முப்பது படம் இருந்தால் அது ஓரிரு நொடி இல்லை.

போன வருடம் அதே ஆளோடு அதே ஓடைக்குப் போனேன். இருவாச்சிகள் அதே பொந்துக்குத் திரும்பியிருந்தன. இந்த ஜோடி பழைய ஜோடிதானா என்று அவரிடம் கேட்டேன், அவர் தோளைக் குலுக்கினார். ஓடைக்கு இந்தப் பக்கம், அந்த இரண்டு மர இடைவெளியில் ஸ்கோப்பை ஊன்றினேன். அந்தக் குறுக்கு இலை இருந்த கிளை ஒடிந்து போயிருந்தது, அதுவரை சந்தோஷம். அதற்குப் பதில் கீழிருந்து ஒரு கொடி ஏறி இடைவெளியின் கால்பங்கை மறைத்திருந்தது. அதை வெட்டிவிடலாமா என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை. முதலில் அவரைப் பார்க்கச் சொன்னேன். குனிந்து, ஒரு கண்ணை மூடி, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டபோதும் அவர்தான் ஐபீஸில் இருந்தார். “வந்துருச்சு” என்றார், ஆனால் எழுந்துகொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை, வெறும் கண்ணால் அந்தக் கறுப்பு வெள்ளைப் புள்ளி மரத்தில் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வாய்க்குள்ளே எண்ணுவது கேட்டது. பதினொன்று எண்ணி முடித்து நகர்ந்து இடம் விட்டார். நான் பையிலிருந்து அடாப்டரை எடுத்து மொபைலை மாட்டி நிமிர்ந்தபோது மரம் காலியாக இருந்தது. கீறலில் மட்டும் அந்த மஞ்சள் நுனி, இன்னும் மென்றுகொண்டிருந்தது.